டிசம்பர் 31 ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தனி பில்: ரிசார்ட் புக்கிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியானம் மூன்று மணி. ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டின் ரிசப்ஷன். தண்டையார்பேட்டையிலிருந்து வேனில் வந்து இறங்கிய நாங்கள் எட்டுப் பேர்: ஆறு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். ஆதார் அட்டைகளை எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு, கவுன்ட்டரில் இருந்த பையன் லேமினேட் செய்த ஒரு தாளை எங்கள் பக்கம் நகர்த்தினான். "இன்னைக்கு நைட் காலா டின்னர் சார். கம்பல்சரி." கிறிஸ்துமஸ், புத்தாண்டு ராத்திரிகளில் பாட்டு, அலங்காரம் என்று ஹோட்டலே வைக்கும் பஃபே விருந்துதான் இந்தக் காலா டின்னர்.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். பெரியவர்களுக்குத் தலைக்கு 3,500 ரூபாய். 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு அதில் பாதி. வரி தனி. "இன்னா தம்பி இது, துன்னாதவங்களுக்கும் சேத்தா?" என்று கேட்டது பெரியம்மா.

கேட்டது நியாயம்தான். பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. ஏழரைக்கு இரண்டு இட்லி, எட்டரைக்குப் படுக்கை. அன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை. டின்னர் ஆரம்பித்ததே எட்டரைக்கு, தட்டில் சூடாக ஏதாவது விழுந்தபோது மணி ஒன்பதரை. மறுநாள் காலை காபி குடிக்க வந்தபோதும் பெரியம்மாவின் மணிக்கட்டில் டின்னருக்கு அடையாளமாகக் கட்டிவிட்ட பச்சைக் காகிதப் பட்டை கசங்காமல் இருந்தது. வரியோடு சேர்த்து 4,130 ரூபாய் கொடுத்து வாங்கிய பட்டை அது.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் யார் டிசம்பர் கடைசியில் வெளியூர் கிளம்பினாலும் என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள். பார்த்தவரைக்கும் எல்லோரும் சறுக்குவது கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான்.

ரூம் வாடகையை மட்டும் பார்ப்பது

முதல் சறுக்கல் இது. புக்கிங் தளத்தில் பெரிய எழுத்தில் தெரிவது ஒரு ராத்திரி வாடகை. காலா டின்னர் இருப்பது 'விதிமுறைகள்' என்ற தலைப்புக்குக் கீழே, செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்ற வரிக்குப் பக்கத்தில். '24, 31 தேதிகளில் தங்குவோர் காலா டின்னர் கட்டணத்தை ஹோட்டலில் நேரடியாகச் செலுத்த வேண்டும்' என்று ஒரே ஒரு வரி. தொகைகூடச் சில இடங்களில் இருக்காது. நாங்கள் அந்த வரியைப் படிக்கவே இல்லை.

எங்கள் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ரூம், ரூமுக்கு 6,500 வீதம் 19,500. அப்போது இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 21,840. டின்னர், ஆறு பெரியவர்களுக்கு 21,000, பிள்ளைகள் இருவருக்கும் 3,500, ஆக 24,500. அதன் மேல் 18 சதவீதம் வரி போட்டு 28,910. தங்குவதைவிடச் சாப்பாட்டுக்கு ஏழாயிரம் ரூபாய் அதிகம்! மலிவான ரிசார்ட் என்று தேடிப் பிடித்ததெல்லாம் அங்கேயே கரைந்தது. அதே தேதிக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை சொன்ன, ஆனால் டின்னரைக் கட்டாயமாக்காத இன்னொரு இடத்தை நாங்களே தள்ளியிருந்தோம். அதனால் ஒப்பிடும்போது ரூமையும் ரூமையும் ஒப்பிடாதீர்கள். உங்கள் குடும்பத்தில் எத்தனை தலையோ, அத்தனை தலைக்கும் அந்த ராத்திரிக்கு மொத்தம் எவ்வளவு என்று போட்டுப் பார்த்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு ராத்திரி 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. சாப்பாட்டுக் கணக்கு வேறு மாதிரி. அந்த ஹோட்டலில் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஒரு ரூமாவது 7,500க்கு மேல் போயிருந்தால், அங்கே இருக்கும் ரெஸ்டாரன்ட்டில் எல்லோருக்கும் 18 சதவீதம். நீங்கள் தங்கியிருப்பது சின்ன ரூமாக இருக்கலாம். ஆனால் கடலைப் பார்த்த வில்லா ஒன்று அங்கே இருந்தால், உங்கள் பிரியாணிக்கும் வில்லாக்காரரின் வரிதான். ரூமுக்கு 5, சாப்பாட்டுக்கு 18 என்று ஒரே பில்லில் வந்தால் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். 'தலைக்கு 3,500' என்று யாராவது சொன்னால், வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதை மட்டும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

'டின்னர்தான் பேக்கேஜில் இருக்கே'

மண்ணடியில் ஒரு ஏஜென்ட்டிடம் மூணாறு பேக்கேஜ் போட்ட நண்பர் இப்படித்தான் நம்பினார். ஏஜென்ட்டுகள் சி.பி., எம்.ஏ.பி. என்று பேசுவார்கள். சி.பி. என்றால் ரூமோடு காலை டிபன். எம்.ஏ.பி. என்றால் டிபனும், கூடவே ஒரு வேளைச் சாப்பாடும். பெரும்பாலும் அது ராத்திரிச் சாப்பாடாக இருக்கும். நண்பர் எம்.ஏ.பி.க்குத்தான் பணம் கட்டியிருந்தார். போன இடத்தில், அது சாதாரண டின்னர், இது காலா டின்னர் என்று முழுத் தொகையையும் மறுபடி கேட்டார்கள். அதாவது ஒரே ராத்திரிக்கு இரண்டு டின்னர். வயிறு ஒன்றுதானே?

அங்கே கேட்க வேண்டிய கேள்வி, 'ஏற்கெனவே கட்டிய டின்னரைக் கழித்துவிட்டு வித்தியாசம் மட்டும் வாங்குவீர்களா?' என்பது. கேட்டால் பல இடங்களில் கழித்துக்கொள்கிறார்கள். கேட்காவிட்டால் அவர்களாக முன்வந்து கழிப்பதை நான் பார்த்ததில்லை.

இதே கதைதான் டைம்ஷேர் உறுப்பினர்களுக்கும். ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயரான பக்கத்து வீட்டு அண்ணன், வருஷத்தில் ஏழு நாள் ரூம் இலவசம் என்று ஒரு திட்டத்தில் சேர்ந்திருக்கிறார். ரூம் இலவசம்தான். 31ஆம் தேதி சாப்பாடு இலவசம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிள்ளைகளின் வயது

மெயிலில் '5 வயது வரை இலவசம்'. கவுன்ட்டரில் இருந்த தாளில் '5 முதல் 12 வரை பாதி'. எங்களோடு வந்த சின்னவனுக்கு ஐந்து வயதும் எட்டு மாதமும். ஐந்து வயது வரை என்றால் ஐந்தாவது பிறந்தநாள் வரையா, ஆறாவது பிறந்தநாள் வரையா? அத்தை மகள் கன்ஃபர்மேஷன் மெயிலைப் போனில் திறந்து காட்டினாள். மேனேஜர் வந்து படித்துப் பார்த்துவிட்டு அவன் பெயரை அடித்தார். 1,750 ரூபாயும் வரியுமாக 2,065 மிச்சம். அன்றைக்கு எங்களுக்குத் திரும்பிய பணம் அவ்வளவுதான். அதுவும் குரலை உயர்த்தி வந்ததில்லை, எழுத்தில் ஒரு வரி இருந்ததால் வந்தது.

போனில் கேட்டுவிட்டு விட்டுவிடுவது

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார், நீங்க வாங்க" என்று போனில் சொன்னவரை 31ஆம் தேதி தேடினால் லீவில் இருப்பார். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே, மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ இப்படி ஒரு செய்தி போட்டு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்:

'31 ராத்திரி தங்க இருக்கிறோம். பெரியவர்கள் 6, பிள்ளைகள் 2 (வயது 9, 5). அன்று காலா டின்னர் கட்டாயமா? வரியெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? சாப்பிடாத வயதானவர்களுக்கும் உண்டா? கட்டாயமில்லை என்றால் வேறு சாப்பாடு கிடைக்குமா?'

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு ராத்திரி பல ரிசார்ட்டுகளில் வழக்கமான மெனுவையே மூடிவிடுவார்கள். சமையல்கட்டு முழுக்கப் புல்வெளியில் வைக்கும் பஃபேக்குத்தான் ஓடும். கட்டாயமில்லை என்று சொல்லியும் சாண்ட்விச்சோடு படுக்க நேர்ந்தவர்கள் உண்டு. வெளியே போய்ச் சாப்பிடலாம் என்பது மலைப் பக்கங்களில் நடக்காத காரியம். கட்டுச்சோறு எடுத்துப் போகலாம் என்றால், வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சித்தி காசிமேட்டில் விடியற்காலை வாங்கி மசாலா தடவிப் பொரித்து எடுத்து வந்த வஞ்சிரத்தை, வேனிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். அந்த பஃபேயில் இருந்த மீனைத் தின்றுவிட்டு வேனில் இருக்கும் மீனை நினைத்துக்கொண்டிருந்தது தனிக் கொடுமை.

இலவச ரத்து எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள். பண்டிகை நாட்களுக்கு அது முன்னதாகவே முடிந்துவிடும். அது முடிந்த பிறகு டின்னரைப் பற்றிக் கேட்டால், பதில் பிடிக்காவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

முன்கூட்டிக் கேட்டால் பேரமும் படியும். ராயபுரத்தில் இருக்கும் நண்பர் குடும்பம் 24ஆம் தேதி ஏற்காட்டில் தங்கினார்கள். நடுராத்திரிப் பூசைக்குப் போகிறவர்களுக்கு காலா டின்னர் எதற்கு? நவம்பரிலேயே அதைச் சொல்லி எழுதினார்கள். கட்டணத்தை நீக்க ஹோட்டல் சம்மதிக்கவில்லை, ஆனால் அதே தொகைக்கு 25ஆம் தேதி மத்தியானச் சாப்பாட்டைக் குடும்பம் முழுவதற்கும் கொடுத்தது. டி.ஜே., அலங்காரம், பாட்டுப் போட உரிமம், கூடுதல் ஆட்கள் என்று ஹோட்டல்காரருக்கும் அன்றைக்குச் செலவு இருக்கிறது. அதைத் தங்குகிற எல்லோர் தலையிலும் பங்கு போடுவதுதான் இந்தக் கட்டாயத்தின் கணக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ரூம் விலையோடு சேர்த்து முதலிலேயே காட்டாமல், பெட்டியை இறக்கிய பிறகு காட்டுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

மாலத்தீவு, புக்கெட் என்று போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். அங்கேயும் இந்த டின்னர் உண்டு, விலை டாலரில் அல்லது தாய்லாந்துப் பணமான பாத்தில். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று அர்த்தம். மாலத்தீவில் சுற்றுலா ஜி.எஸ்.டி. மட்டும் 17 சதவீதம், சேவைக் கட்டணம் 10.

ரிசப்ஷனில் தப்பான சட்டத்தைப் பேசுவது

"சர்வீஸ் சார்ஜே வாங்கக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு, நீங்க எப்படி இதை வாங்கலாம்?" என்று அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் நின்றவர் சத்தம் போட்டார். இரண்டும் வேறு வேறு. சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் போட்ட வழிகாட்டுதல். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28இல் அதை உறுதி செய்தது. காலா டின்னர் சாப்பாட்டுக்கான விலை, அதற்கு அந்தத் தீர்ப்பைக் காட்டினால் மேனேஜர் சிரிப்பார். ஆனால் அந்த டின்னர் பில்லின் அடியில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று ஒட்டியிருந்தால், அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

டின்னரைப் பொறுத்தவரை, புக் செய்யும்போதே தொகையோடு சொல்லியிருந்தால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் மறைத்திருந்தால் கதை வேறு. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவதை, 2023 நவம்பர் 30இல் அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல்கள், இணைய வியாபாரத்தில் தடை செய்த 13 தந்திரங்களில் ஒன்றாகப் பட்டியலிடுகின்றன. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டாயப்படுத்துவதைப் பற்றி 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பேசுகிறது.

அதனால் கவுன்ட்டரில் குரலை உயர்த்துவதைவிட, பணத்தைக் கட்டும்போது 'ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்' என்று மெயில் ஒன்று தட்டிவிடுங்கள். புக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கன்ஃபர்மேஷன், டின்னரைத் தனியாகக் காட்டும் பில் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். ரிசார்ட் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், நம் பக்கத்து ஆட்களுக்கு அது சென்னை (வடக்கு) மாவட்ட ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் தேதியை நகர்த்துங்கள். எங்கள் வீட்டில் இப்போது அதைத்தான் செய்கிறோம். அரையாண்டு லீவில் 27, 28 என்று போய்விட்டு 31ஆம் தேதிக்கு வீடு வந்துவிடுகிறோம், வஞ்சிரமும் வேனில் காய்வதில்லை. கட்டணம் 24, 31 ராத்திரி அங்கே தங்குகிறவர்களுக்குத்தான். 30 ராத்திரி தங்கி 31 காலையில் ரூமைக் காலி செய்கிறவர்களுக்குக் கிடையாது. இருந்தாலும் கிளம்பும் முன் பில்லை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். போன தடவை என் மச்சானுக்கு அதிலும் இரண்டு டின்னர் ஏறியிருந்தது. தேதியைக் காட்டியதும் எடுத்துவிட்டார்கள்.