இபேயில் வேடிக்கை ஏலம்: கைக்காசு போகாமல் போடுவது எப்படி

இணைய ஏலத் தளமான இபேயின் ஆஸ்திரேலியப் பக்கத்தில் 2006ல் ஒருவர் நியூசிலாந்து நாட்டையே ஒரு சென்ட் தொடக்க விலைக்கு ஏலத்தில் விட்டார். தளத்தார் அதைத் தூக்குவதற்குள் 3,000 ஆஸ்திரேலிய டாலர் வரை கேட்டுவிட்டார்கள். இப்படி ஒரு ஏலம் போட ஆசைப்படுவதில் தப்பே இல்லை, கட்டணக் கணக்கைத் தெரிந்துகொண்டு போட வேண்டும், அவ்வளவுதான். இந்திய இபே 2018ல் மூடப்பட்டுவிட்டது. அதனால் இங்கே சொல்வது அமெரிக்கத் தளத்தில், கடைச் சந்தா இல்லாத சாதாரணக் கணக்குக்கு 2025ல் இருந்த நிலவரம்.

முதலில், கையில் பிடிக்கக்கூடிய பொருள் ஒன்று வேண்டும். ஆன்மா, ஆவி மாதிரி சமாசாரங்களை விற்க விதி இடம் தராது. உடல் உறுப்புக்கும் அப்படித்தான். 1999ல் ஒரு சிறுநீரகத்துக்கு 57 லட்சம் டாலர் வரை கேள்வி (ஏலத்தில் கேட்கும் விலை) ஏறிய பிறகு அந்த ஏலத்தை நீக்கினார்கள். உதாரணமாக, ‘சிகாகோ குளிர்காற்று’ என்று லேபிள் ஒட்டிய பாட்டில் என்றால் விற்பது பாட்டிலை. விவரத்தின் முதல் வரியிலேயே ‘இது காலிக் கண்ணாடி பாட்டில், 250 மி.லி., மூடி உண்டு’ என்று எழுதிவிடுங்கள். வேடிக்கையெல்லாம் அதற்குக் கீழே. இல்லாவிட்டால் வாங்கியவர் ‘சொன்னபடி பொருள் இல்லை’ என்று புகார் கொடுக்கலாம். ‘திருப்பி எடுக்கமாட்டேன்’ என்று நீங்கள் போட்டிருந்தாலும் அந்தப் புகாருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும்.

மாதம் 250 விற்பனைப் பதிவு வரை இலவசம்; அதைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 35 சென்ட், பொருள் விற்காவிட்டாலும் திரும்ப வராது. பலர் ஏமாறுவது விற்பனைக் கட்டணத்தில்தான். பெரும்பாலான பிரிவுகளில் அது 13.6%. அதோடு ஆர்டருக்கு 30 சென்ட், 10 டாலருக்கு மேல் போனால் 40 சென்ட். இந்தச் சதவீதம் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவுக்கும் விற்பனை வரிக்கும் சேர்த்துத்தான்.

நம் பாட்டில் 1 டாலருக்குப் போகிறது, அனுப்பும் செலவு 6 டாலர், வரி 49 சென்ட் என்று வைப்போம். மொத்தம் 7.49. அதில் 13.6% என்றால் 1.02, கூட 30 சென்ட், ஆக 1.32 டாலர். வாங்கிய 6 டாலரும் தபாலுக்கே சரியாகப் போனால், பாட்டிலையும் கொடுத்து 32 சென்ட்டையும் கொடுத்ததாக ஆகும். ஆகவே தொடக்க விலையை 3 டாலருக்குக் கீழே வைக்காதீர்கள். அட்டைப்பெட்டி, பபுள் ராப் செலவு தனி.

இதைவிடப் பெரிய பள்ளம் ரிசர்வ் விலை. ‘பத்தாயிரம் டாலருக்குக் குறைந்து தரமாட்டேன்’ என்று சிரிப்புக்காகக் குறித்தால், 5 டாலர் அல்லது ரிசர்வ் விலையில் 7.5%, இரண்டில் எது அதிகமோ அதைப் பிடிப்பார்கள். உச்சவரம்பு 250 டாலர். பத்தாயிரத்துக்கு 7.5% என்பது 750 என்பதால் உங்களுக்கு முழு 250ம் விழும். பொருள் விற்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். பெரிய தொகையைக் காட்டித்தான் சிரிக்கவைக்க வேண்டும் என்றால் அதையே தொடக்க விலையாக வையுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தடித்த எழுத்துத் தலைப்பு, இரண்டாவது பிரிவு போன்ற கூடுதல் வசதிகளுக்கும் காசு உண்டு. ஒன்றையும் டிக் செய்யாதீர்கள்.

ஏலம் சூடுபிடித்துவிட்டால் விளையாட்டுக்குக் கேட்கிறவர்கள் வருவார்கள். லட்சம் டாலர் கேள்வியைப் பார்த்துப் பதற வேண்டாம், பணம் வராமல் விற்பனைக் கட்டணம் கையை விட்டுப் போகாது. ஏலம் முடிந்து நான்கு முழு நாள் பொறுத்திருந்து, ‘வாங்குபவர் பணம் கட்டவில்லை’ என்ற காரணத்தையே தேர்ந்தெடுத்து ரத்து செய்யுங்கள். ‘பொருள் கைவசம் இல்லை’ மாதிரி காரணத்தைக் குறித்தால் தவறு உங்கள் பக்கம் எழுதப்படும். நடுவிலேயே நிறுத்த நினைத்தால் 12 மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருக்கும்போதே கேள்விகளை ரத்து செய்து முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு, கேள்வி இருந்தால், அதிகம் கேட்டவருக்கே விற்றுத்தான் முடிக்க முடியும். கேள்வி வந்த ஏலத்தை முன்கூட்டி முடித்தால் விற்பனைக் கட்டணம் விழவும் வாய்ப்பு உண்டு.

ஏலம் பிரபலமாகும் என்று தோன்றினால் தொடங்கும் முன்பே இபேயின் தொண்டு வசதியில் சேர்த்துவிடுவது நல்லது. விற்ற தொகையில் 10 முதல் 100 சதவீதம் வரை ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஒதுக்கலாம். கொடுக்கும் விகிதத்துக்கு ஏற்பக் கட்டணமும் உங்களுக்கு வரவாகத் திரும்பும்.