முழு மீனை ஓவனில் சுடும்போது எங்கே சொதப்புகிறோம்?

முழு மீனை ஓவனில் சுடுவது சோம்பேறிகளுக்கான சமையல் என்றே சொல்லலாம். உப்பு, எண்ணெய், நல்ல சூடு, இருபது நிமிடம், வேலை முடிந்தது. ஆனாலும் நிறைய பேர் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, சதை வறண்டுபோச்சு, தோல் டிரேயோடு போயிடுச்சு என்று கைவிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: மீனில் வேண்டாத ஈரம், ஓவனில் வேண்டாத நேரம்.

ஈரத்தை முதலில் பார்ப்போம். மீனைக் கழுவி, கையால் உதறிவிட்டு, அப்படியே டிரேயில் வைத்தால் தோல் முறுகவே முறுகாது. தோலில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஓவன் எத்தனை டிகிரியில் இருந்தாலும் அந்தச் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கத்தான் போகும். கிச்சன் டிஷ்யூவால் வெளியே, வயிற்றுக்குள்ளே, துடுப்புக்கு அடியில் என்று எல்லா இடத்தையும் ஒற்றி எடுங்கள். நேரம் இருந்தால் உப்பு தடவி ஒரு 15 நிமிடம் விட்டு, கசிந்துவரும் நீரை மறுபடி துடைத்துவிட்டு, அப்புறம் எண்ணெய் தடவலாம். எண்ணெயை டிரேயில் மட்டும் ஊற்றினால் போதாது, மீனின் மேல் முழுக்கத் தடவ வேண்டும். அடியில் ஒரு பேக்கிங் பேப்பர் போட்டால் ஒட்டும் கவலையும் இல்லை (எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அதன் பெட்டியில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்).

கடையில் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார்கள் என்று நம்பி அப்படியே உள்ளே வைப்பது அடுத்த தவறு. தலையோடு சுடுவதாக இருந்தால் செவுள் இருக்கவே கூடாது, முதலில் கெடுவதும் கசப்பதும் அதுதான். வயிற்றுக்குள் நடுமுள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக்கோடு ஓடும். மேலே இருக்கும் மெல்லிய சவ்வைக் கீறி, ஸ்பூன் நுனியால் சுரண்டி, கழுவிவிடுங்கள். மீனில் கவிச்சி அடிக்கிறது என்று எலுமிச்சை பிழிந்துகொண்டே இருப்பவர்கள் பலரும் இந்தக் கோட்டை விட்டுவைத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

எலுமிச்சை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சாற்றில் மீனை மணிக்கணக்கில் ஊறவைக்காதீர்கள். புளிப்பு சதையின் புரதத்தை அடுப்பில் ஏறுவதற்கு முன்பே இறுகவைத்துவிடும், மேல்பகுதி வெளுத்து, சுட்டபின் சக்கையாகிவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பரிமாறும்போது பிழிந்தால் இன்னும் நல்லது. வயிற்றுக்குள் வெங்காயம், தழை, எலுமிச்சைத் துண்டு எல்லாவற்றையும் திணித்து அடைப்பதும் அப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெளிப்பக்கம் வெந்து முடிந்த பிறகும் நடுமுள் ஓரம் பச்சையாகவே நிற்கும். இரண்டு துண்டு எலுமிச்சை, கொஞ்சம் தழை, அவ்வளவு போதும். பூண்டை மட்டும் மேலே தூவாமல் உள்ளே வையுங்கள், வெளியே இருந்தால் கருகிக் கசக்கும்.

சரி, இப்போது ஓவன். முழுதாகச் சூடாகும் முன்பே மீனை உள்ளே தள்ளிவிட்டு நேரத்தை எண்ண ஆரம்பிப்பவர்களுக்கு எந்தக் குறிப்பும் உதவாது. 200 முதல் 220 டிகிரி வரை முன்கூட்டியே சூடேற்றுங்கள், ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். பயந்துகொண்டு 160-இல் வைத்தால் தோல் நிறம் மாறுவதற்குள் சதை காய்ந்துவிடும். குறைந்த சூட்டில் மெதுவாகச் சுடும் முறை ஒன்று இருக்கிறதுதான், ஆனால் அதில் மொறுமொறு தோல் கிடைக்காது, அவசரச் சமையலுக்கும் அது ஆகாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எடையைப் பார்த்து நேரம் முடிவு செய்வது. அரைக்கிலோ மீன் ஒன்று தட்டையாக அகலமாக இருக்கும், இன்னொன்று உருண்டு திரண்டிருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது. மீனைப் படுக்கவைத்து, அதிகத் தடிப்பான இடத்தை அளந்து பாருங்கள், நல்ல சூட்டில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் சுமார் 10 நிமிடம். அதாவது 5 சென்டிமீட்டர் என்றால் 20 நிமிடம். இது தோராயக் கணக்குதான், ஆகவே மூன்று நான்கு நிமிடம் முன்னதாகவே பார்க்க ஆரம்பியுங்கள். தலைக்குப் பின்னால் தடிப்பான இடத்தில் கத்தி நுனியை விட்டு லேசாக விலக்கினால், கண்ணாடி போலத் தெரிந்த சதை வெளுத்து, முள்ளைவிட்டுக் கழன்றுவர வேண்டும். முதுகுத் துடுப்பை இழுத்தால் சுலபமாக வரும். தெர்மாமீட்டர் இருந்தால் முள்ளில் படாமல் அதே இடத்தில் குத்தி 63 டிகிரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். எதற்கும் இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும் என்று விடுகிறோமே, அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் நல்ல மீன் பாழாகிறது.

தடிமனான மீனில் இருபுறமும் மூன்று சாய்ந்த கீறல் போட்டால் சூடும் உப்பும் உள்ளே இறங்கும். மத்தி போன்ற சின்ன மீனுக்குக் கீறல் தேவையில்லை. நடுவில் திருப்பிப் போடவும் வேண்டாம், தோல் கிழிவதைத் தவிர அதனால் ஒன்றும் நடக்காது.

ஃபாயிலில் இறுக்கிச் சுற்றி வைத்துவிட்டு மொறுமொறுப்பு வரவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. உள்ளே நீராவி சுற்றிக்கொண்டிருக்கும்போது எப்படி வரும்? சதை மெத்தென்று இருப்பது பிடித்தால் தாராளமாகச் சுற்றுங்கள், ஆனால் உப்பும் எலுமிச்சையும் நேரடியாக அலுமினியத்தில் படாமல் நடுவில் பேக்கிங் பேப்பர் வையுங்கள்.

உறைந்த மீனை முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். காற்று நீக்கிய உறையில் வந்திருந்தால் இளக வைக்கும் முன்பே உறையைப் பிரித்துவிடுங்கள், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் ஆபத்தானவை. மேடையில் வைத்து மணிக்கணக்காக இளக்குவது எந்த மீனுக்கும் நல்லதல்ல. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை மாதிரி மீன்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும், முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு என்று படுத்திவிடும். எவ்வளவு சுட்டாலும் அது போகாது.

வெளியே எடுத்ததும் வெட்டாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு தலையிலிருந்து வால்வரை உடலின் நடுவே ஓடும் பக்கவாட்டுக் கோட்டில் கத்தியால் ஒரு கோடு இழுத்து, மேல்சதையை முதுகுப்பக்கம் பாதி, வயிற்றுப்பக்கம் பாதி என்று தள்ளிவிட்டு, வாலைப் பிடித்துத் தூக்கினால் நடுமுள் தலையோடு முழுசாக எழுந்துவரும். மிச்சம் இருந்தால் முள் நீக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் சூடாக்காமல் ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுங்கள். மறுபடி ஓவனில் காட்டினால் சக்கைதான்.