சப்-சென்டர் ரிப்போர்ட்ல எஸ்சி, எஸ்டி, மொழி கணக்கு எழுதுறது எப்படி

சப்-சென்டர், அதாவது கிராம துணை சுகாதார நிலையத்தோட வருஷ ரிப்போர்ட்ல ஜனத்தொகைய எஸ்சி, எஸ்டி, மத்தவங்கன்னு பிரிச்சு எழுதுறோம் இல்ல, அத அவசரத்துல நிரப்பினா அடிபடுறது மலை மேல இருக்கறவங்களும் ஊர் கடைசில இருக்கற இருளர் வீடுங்களும்தான், அதனால இத கொஞ்சம் பொறுமையா படிங்க.

மொதல்ல, கேட்டு எழுதணும். தெருவ பாத்து, பேர பாத்து நாமளே டிக் அடிக்கக்கூடாது. நான் புதுசுல காலனின்னாலே எஸ்சின்னு போட்டுட்டேன், அதுல ரெண்டு வீடு இருளர், எஸ்டி. அந்த வீட்டு கொழந்தைக்கு ஊசி விட்டுப்போனது எஸ்டி கணக்குல வரவே இல்ல, அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது. கேக்கறப்ப தெருவுல நின்னு சத்தமா கேக்காதீங்க, உள்ள உக்காந்து "அம்மா, ஊசி மருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்து சேருதான்னு பாக்கத்தான் கேக்கறோம், சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுடுங்க"ன்னு சொல்லுங்க. சர்டிபிகேட் காட்ட சொல்லாதீங்க, நெறைய இருளர் வீட்ல அது கெடையாது.

அடுத்து பேரு. ஜவ்வாது மலைல, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர் பக்கம் பீஞ்சமந்தைல எல்லாம் இருக்கற மலையாளி ஜனங்க எஸ்டி. கேரளா மலையாளி வேற, இவங்க வேற. எஸ்டி பட்டியல்லயே மலையாளிக்கு நேரா எந்தெந்த மாவட்டம்னு போட்டிருக்கு, அதுல இன்னும் நம்ம பழைய மாவட்டப் பேரு வடஆற்காடுன்னுதான் இருக்கு, ஆனா கம்ப்யூட்டர்ல ஏத்துறவர் வெளியூர்க்காரரா இருந்தா "மலையாளம் பேசறவங்க, மத்தவங்க"ன்னு தள்ளிடுவார், எங்க லிஸ்ட்ல ஒரு வருஷம் அப்படியே ஆச்சு. நரிக்குறவர் 2023ல இருந்து எஸ்டி, பழைய ரிஜிஸ்டர்ல மாத்தியிருக்கான்னு பாருங்க. எஸ்சில இருந்து கிறிஸ்தவங்களா மாறினவங்க அரசு கணக்குல பிசி, ஆனா இருக்கறது அதே தெரு, குடிக்கறது அதே தண்ணி, அதனால ரிஜிஸ்டர்ல அரசு பிரிவு ஒரு கட்டம், அவங்க வாயால சொன்னது இன்னொரு கட்டம்னு ரெண்டா வெச்சுக்கங்க.

மொழியும் கேளுங்க. பேரணாம்பட்டுல உருது, ஆந்திரா பார்டர் பக்கம் தெலுங்கு. வயித்துப்போக்குக்கு குடுக்கற ஓஆர்எஸ் பவுடர எப்படி கலக்கணும்னு தமிழ்ல சொல்லி தலையாட்டிட்டு போன அம்மாவுக்கு புரிஞ்சுதான்னு பின்ன எப்படி தெரியும்?

சொல்லாதவங்கள "சொல்லல"ன்னு தனியா போடுங்க, "மத்தவங்க"ல கொட்டாதீங்க. கொட்டினா ரெண்டு கணக்கும் கெட்டுப்போகும்.

சதவீதம் போடறப்ப கீழ, அதாவது எந்த நம்பரால வகுக்கறோம்னு கவனிங்க, தப்பு அதிகமா நடக்கறது இங்கதான். உதாரணத்துக்கு எஸ்டி கொழந்தைங்க 40, ஊசி போட்டது 26, அப்ப 65 சதவீதம். ஆனா சென்டருக்கு வந்த 28 பேர மட்டும் கீழ வெச்சா 93ன்னு வரும், பாக்க அழகா இருக்கும், வராத 12 கொழந்தைங்க காணாம போயிடுவாங்க. மலைல 3,000 பேருக்கு ஒரு சப்-சென்டர், சமவெளில 5,000ன்னு கணக்கு, அதனால வெறும் எண்ணிக்கைய வெச்சு ரெண்டையும் ஒப்பிடாதீங்க.

கடைசியா, ஒரு ஊர்ல இருளர் கர்ப்பிணி நாலே பேருன்னா "ரத்தசோகை 2"ன்னு ஊர் பேரோட போட்டா யார் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். பிளாக் அளவுல சேத்து போடுங்க, இல்ல மூணு வருஷத்த சேத்து போடுங்க. பேர் இருக்கற லிஸ்ட்ட வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க.