பல்கலைக்கழக நூலகக் களஞ்சியத்தில் தேடுவது எப்படி?

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் எண்ணிமக் களஞ்சியத்தில் ஆய்வேடுகளையும் பழைய ஆவணங்களையும் பதிவேற்றி, அவற்றின் விவரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. வாசகர்களில் பெரும்பாலோர் தேடுபொறி வழியாக நேரே பிடிஎஃப் கோப்புக்கு வந்து, இறக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கோப்புக்கு முன்னால் இருக்கும் விவரப் பக்கத்தைப் பார்ப்பவர் மிகக் குறைவு. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. அந்தப் பக்கத்தை வாசிக்கப் பழகிவிட்டால், தேடல் பாதி முடிந்த மாதிரி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நூலகத் தளத்தில் மூன்று வகைச் சரக்கு கலந்து கிடக்கும். நூலகம் சந்தா கட்டி வாங்கும் இதழ்களும் தரவுத்தளங்களும் ஒரு வகை. அவை உறுப்பினர்களுக்கு மட்டும். அந்தப் பல்கலைக்கழகத்தார் எழுதிய ஆய்வேடுகள், கட்டுரைகள், தரவுக் கோப்புகள் அடங்கிய களஞ்சியம் இன்னொன்று. கையெழுத்துப் பிரதிகள், நிலப்படங்கள், கடிதங்கள், புகைப்படங்கள் ஆகியவற்றின் எண்ணிமத் தொகுப்பு மூன்றாவது. பின்னிரண்டும் பெரும்பாலும் யாருக்கும் திறந்தவை. உறுப்பினர் அட்டை கேட்க மாட்டார்கள். கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்ததும் நூலகமே மூடியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

எந்தப் பல்கலைக்கழகத்தில் தேடுவது என்று தெரியாவிட்டால் ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் 'பேஸ்', பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் 'கோர்' என்ற இரண்டு தேடுதளங்களிலும் தொடங்குங்கள். உலகெங்கும் உள்ள களஞ்சியங்களின் விவரக் குறிப்புகளை அவை ஒரே இடத்தில் திரட்டுகின்றன. கிடைத்த பதிவிலிருந்து மூலக் களஞ்சியத்துக்குப் போய்விடுங்கள். முழு விவரமும் அங்கேதான் இருக்கும்.

இப்போது விவரப் பக்கம். 1974இல் தட்டச்சு செய்து, 2015இல் வருடி (ஸ்கேன் செய்து) பதிவேற்றிய ஓர் ஆய்வேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தெரிவது சுருக்க வடிவம்தான். 'முழு விவரம்' என்ற இணைப்பை அழுத்துங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனமும் 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் மென்பொருளில் இயங்கும் களஞ்சியமாக இருந்தால் அங்கே பல தேதிகள் தென்படும்: களஞ்சியத்தில் சேர்ந்த தேதி, வாசகருக்குக் கிடைக்கத் தொடங்கிய தேதி, வெளியான ஆண்டு. மேற்கோளில் நீங்கள் தர வேண்டியது கடைசியில் சொன்னது. 1974ஆம் ஆண்டு ஆய்வேட்டை 2015 என்று குறித்த துணைநூற்பட்டியல்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அதே பக்கத்தில் நெறியாளர் பெயர் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள். பல களஞ்சியங்களில், அவரிடம் ஆய்வு செய்த மற்ற மாணவர்களின் ஏடுகள் வரிசையாக வரும். ஒரே கேள்வியைப் பத்து, இருபது ஆண்டுகளாக வெவ்வேறு கோணத்தில் துருவியவர்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். சொல் போட்டுத் தேடி இதைப் பிடிப்பது கடினம். கோப்புப் பட்டியலையும் கடைசி வரை பாருங்கள். வினாத்தாள், நேர்காணல் படி, அளவீட்டு அட்டவணை எல்லாம் சில நேரம் தனிக் கோப்பாகக் கீழே இருக்கும். இதழ்க் கட்டுரையில் இடமில்லாமல் விடுபட்ட தரவு பின்னிணைப்பில் முழுதாக இருப்பதுண்டு. ஆய்வேடுகளை நான் இவ்வளவு விரும்புவது அதனால்தான்.

முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுக்க வேண்டாம். நூலகம் மென்பொருளை மாற்றினால் அது செத்துப்போகும். பக்கத்திலேயே டிஓஐ அல்லது ஹேண்டில் என்ற நிரந்தர இணைப்பு இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டுரைகளில் வேறொரு கவனம் வேண்டும். ஹார்வர்டின் கலை, அறிவியல் புல ஆசிரியர்கள், தங்கள் கட்டுரைகளைத் திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி, தரும் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்க 2008இல் வாக்களித்தார்கள். பிறகு பல நிறுவனங்கள் அதே வழிக்கு வந்தன. அப்படிக் களஞ்சியத்தில் சேர்வது பெரும்பாலும் இதழ் ஏற்றுக்கொண்ட, ஆனால் அச்சுக்கு வடிவமைக்காத, கட்டுரையாளரின் பிரதி. அச்சில் வந்த பக்க எண்கள் அதில் இருக்காது. சொல்லப்பட்ட விஷயத்துக்கு அதை நம்பலாம். பக்க எண்ணுக்கும் வரிக்கு வரி மேற்கோளுக்கும் அச்சுப் பிரதியோடு ஒத்துப்பாருங்கள்.

பழைய ஆவணங்களில் தேடும்போது, தேடல் ஒன்றும் தராவிட்டால் ஆவணத்தில் அது இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அவை வருடிய படங்கள்; கணினி படத்தைப் பார்த்து எழுத்தை ஊகிக்கிறது. பழைய ஆங்கில அச்சின் நீண்ட 'எஸ்' எழுத்தை 'எஃப்' என்று படித்துவிடும். மங்கிய தட்டச்சுப் படிகளில் இன்னும் மோசம். பொருளடக்கத்தைக் கண்ணால் பாருங்கள்; பிழையான எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேடுங்கள். சுவடிப் படங்களுக்கு ஐஐஐஎஃப் என்ற குறி (நூலகங்கள் படங்களைப் பகிரும் பொதுத் தரம்) இருந்தால் நல்ல காலம்: மிராடோர் போன்ற படம் காட்டும் மென்பொருளில் இரண்டு நூலகங்களின் ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு எழுத்தின் சுழிவரை பெரிதாக்கி ஒப்பிடலாம்.

இறக்க முடிவதால் மறுபடி வெளியிடலாம் என்று பொருளில்லை. உரிமக் குறிப்பைப் படியுங்கள். நிபந்தனைகளோடு மறுபயன்பாட்டுக்கு முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இல்லாத இடத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குறிப்பிட்ட தேதி வரை திறக்கக் கூடாது என்ற தடைக்காலத்தில் பூட்டியிருக்கும் ஆய்வேடுகளில் 'பிரதி கேட்க' என்ற பொத்தான் பல இடங்களில் உண்டு. யார், எதற்காக, எந்த இயல் வேண்டும் என்று மூன்று வரி எழுதினால் போதும். அது ஆய்வேட்டை எழுதியவருக்குப் போகும். எண்ணிமமாகாத பழைய ஏடென்றால் நூலகத்திடமே கேளுங்கள். ஸ்டீபன் ஹாக்கிங்கின் 1966ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேடு 2017 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் களஞ்சியத்தில் திறந்து வைக்கப்பட்டதற்கு முன்பே, அதைக் கேட்டவர்கள் ஏராளம். புகழ்பெறாத ஓர் ஏட்டுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் வந்தாலும் எங்கள் வருடல் வரிசையில் அது முன்னால் நகரும்.

விவரத்தில் பிழை கண்டால், பெயர் மாறியிருக்கலாம், பக்கம் விடுபட்டிருக்கலாம், நிரந்தர இணைப்பையும் பக்க எண்ணையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். இணைப்பு இருந்தால் அன்றைக்கே திருத்திவிடுகிறேன். தலைப்பை மட்டும் நினைவிலிருந்து எழுதியிருந்தால் ஏட்டைக் கண்டுபிடிப்பதற்கே நேரம் போய்விடுகிறது.