சாஃப்ட்னர் வாங்கும் முன் தண்ணீரை அளந்துவிடுங்கள்

"எங்கள் வீட்டுத் தண்ணீர் டிடிஎஸ் 900 காட்டுகிறது, எந்த சாஃப்ட்னர் வாங்கலாம்?" என்று கேட்டு வருபவர்கள்தான் அதிகம். கடினமான தண்ணீரை மென்மையாக்கும் இந்த எந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஆனாலும் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு என்னால் எதுவும் சொல்ல முடியாது. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் தோராயமான மொத்தம். குழாயில் வெள்ளையாகப் படிவதும், ஹீட்டர் காயிலைக் கெடுப்பதும், சோப்பை நுரைக்க விடாததும் அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் மட்டுமே. அவற்றின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். டிடிஎஸ் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றில் கடினத்தன்மை 150 இருக்கலாம், இன்னொன்றில் 500 இருக்கலாம்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது, சொட்டு விட்டுப் பார்க்கும் கடினத்தன்மை கிட். நிறங்காட்டியைப் போட்டதும் தண்ணீர் செந்நிறமாகும். அப்புறம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் ஒரு கட்டத்தில் நீலமாக மாறும். அதுவரை விட்ட சொட்டுகளைக் கிட்டில் சொல்லியிருக்கும் எண்ணால் பெருக்கினால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது வந்துவிடும். 60க்குள் இருந்தால் அது மென்மையான தண்ணீர், சாஃப்ட்னரே வேண்டாம். 180ஐத் தாண்டினால் மிகக் கடினமான தண்ணீர். போர்வெல் தண்ணீர் என்றால் வறண்ட காலத்தில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை அளந்து, அதிகமாக வந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே, வாளியில் பிடித்த தண்ணீர் சில மணி நேரத்தில் பழுப்பாக மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் இரும்பு இருக்கிறது. அது சாஃப்ட்னருக்குள் தண்ணீரை மென்மையாக்கும் ரெசின் (பிசின்) மணிகளின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுத்துவிடும். அதற்கென உள்ள ஃபில்டர் முதலில், சாஃப்ட்னர் அதற்குப் பின்னால்.

சரி, இப்போது அளவு. தொட்டி எவ்வளவு உயரம் என்று பார்க்காதீர்கள், உள்ளே எத்தனை லிட்டர் ரெசின் என்று கேளுங்கள். ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, தம்மிடமுள்ள சோடியத்தை விட்டுக்கொடுக்கும். நடைமுறையில் ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று கணக்கு வைக்கலாம். நான்கு பேர், ஆளுக்கு 150 லிட்டர் என்றால் நாளுக்கு 600 லிட்டர். கடினத்தன்மை 400 என்றால் நாளுக்கு 240 கிராம். 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் பிடிக்கும், அதாவது ஐந்து நாள் தாங்கும். அதன்பின் உப்புக் கரைசலால் கழுவி ரெசினைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் 3 கிலோ உப்பு செலவாகும். விற்பவர் சொல்லும் மாடல் தினமும் உப்பு கேட்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தப் புதுப்பிப்பை நடத்தும் வால்வில் மூன்று வகை உண்டு. கையால் திருப்புவது மலிவு, ஆனால் யாராவது ஒருவர் மறக்காமல் செய்ய வேண்டும். டைமர் வைத்தது, நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் உப்பைச் செலவழிக்கும். ஓடிய தண்ணீரை அளந்து தானே புதுப்பித்துக்கொள்ளும் மீட்டர் வகைதான் என் தேர்வு. தானியங்கி வால்வுகள் பெரும்பாலும் சுமார் 2 பார் அழுத்தம் கேட்கும். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான் கிடைக்கும் என்பதால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பொருத்தினால் பிரஷர் பம்ப்பும் தேவைப்படும்.

உப்பே வேண்டாம் என்று விற்கப்படும் கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். குழாயில் மாட்டும் காந்தம் கால்சியத்தை எடுப்பதில்லை. பாலிபாஸ்பேட் ஃபில்டர் படிவு ஒட்டுவதைக் குறைக்கும், ஹீட்டருக்கு நல்லது. ஆனால் தண்ணீர் கடினமாகவேதான் இருக்கும், சோப்பு நுரை அதிகமாகாது. தலைமுடிக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ரெசின் வகையைத்தான் வாங்க வேண்டும்.

குடிக்கும் குழாயையும் செடிகளுக்கான குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள். 400 கடினத்தன்மையை முழுவதும் எடுத்தால் லிட்டருக்குச் சுமார் 184 மில்லிகிராம் சோடியம் சேரும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கழுவிய உப்புத் தண்ணீரையும் தோட்டத்துக்கோ கிணற்றின் பக்கமோ விடாமல் சாக்கடைக்குக் கொண்டுபோங்கள். சாஃப்ட்னருக்குள் போகாமல் தண்ணீரை நேராக வீட்டுக்குள் விடும் பைபாஸ் வால்வு இல்லாமல் பொருத்த விடாதீர்கள், இல்லையென்றால் பழுது பார்க்கும் நாளில் வீட்டில் எந்தக் குழாயிலும் தண்ணீர் வராது. உப்பு, டேப்லெட் வடிவில் வருவது நல்லது. சமையல் தூள் உப்பு கட்டிபிடித்துக்கொள்ளும்.

பொருத்தி முடிந்ததும், வந்தவர் கிளம்பும் முன் குளியலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து அதே கிட்டால் சோதியுங்கள். நிறங்காட்டி போட்டவுடனே நீலமாக இருக்க வேண்டும். அடுத்த புதுப்பிப்புக்கு முந்தைய நாள் இன்னொரு முறை சோதியுங்கள். கையால் திருப்பும் வகையிலோ டைமர் வகையிலோ அன்று செந்நிறம் வந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீர்ச் செலவு கணக்கைவிட அதிகம், இடைவெளியை ஒரு நாள் குறைத்து வையுங்கள்.