புதுப் பொடியனை முரளியோட ஒப்பிடப் போறீங்களா?

மட்டக்களப்பு வெபர் மைதானத்துப் பக்கம் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு புதுப் பந்துவீச்சாளர் ஒருத்தரை அளக்கப்போறீங்களெண்டா, முதல்ல அந்த 800 விக்கெட்டைத் தூக்கி அவன்ட தலையில வைக்காதீங்க. அது நம்மட சுழல்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் 133 டெஸ்ட் ஆடி முடிச்ச கணக்கு. 1992இல கொழும்பு கெத்தாராமை மைதானத்தில முதல் டெஸ்ட் ஆடின முரளிக்குப் பக்கத்தில பொடியனை நிப்பாட்டுங்க. அந்த ஆட்டத்தில அவருக்கு 3 விக்கெட்தான்!

மறுகா, கை வளைஞ்சு வந்தாப்போல, வேகப்பந்து வீசின லசித் மாலிங்க மாதிரியெண்டு "குட்டி மாலிங்க" ஆகிடுவானா? கடைசி ஓவர்கள்ல, பழைய பந்தில, யோக்கர் (மட்டையடிக்கிறவன்ட காலடியில விழுற பந்து) எங்க விழுதெண்டு பாருங்க.

பழைய கோபமெண்டா, 1995இல மெல்பேர்ணில அவுஸ்திரேலிய நடுவர் டெரல் ஹேர், பந்தை எறியிறாரெண்டு முரளிக்கு நோபோல் சொன்னதை நான் இண்டைக்கும் விடல்ல, விடவும் மாட்டன். ஆனா அந்தக் கணக்கை இப்ப வாற அவுஸ்திரேலியப் பொடியன்மாரிட்டத் தீர்க்காதீங்க. அப்ப அவனுகள்ல சிலபேர் பிறக்கவேயில்ல.