கற்பிட்டியில் கைட் சர்ஃபிங்: டிக்கெட் போடும் முன்பே நடக்கும் தவறுகள்

ஆபீஸில் லீவு எப்போது கிடைக்கும் என்று பார்த்து, டிக்கெட் மலிவாக இருக்கும் வாரத்தைப் பிடித்து, கடைசியில்தான் காற்று எப்படி என்று விசாரிப்பவர்கள் நிறைய பேர். சாதாரணக் கடற்கரைப் பயணத்துக்கு இந்த வரிசை சரி. கைட் சர்ஃபிங் என்பது பட்டம் போன்ற பெரிய கைட் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு. அதற்குப் போவதென்றால் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். லீவு, டிக்கெட், அறை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இலங்கையின் வடமேற்கே, புத்தளம் களப்புக்கும் (காயல்) கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டியையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அருமையான இடம். ஊரில் தமிழ் பேசுகிறவர்களும் அதிகம். இங்கே காற்றுக்கு இரண்டு பருவங்கள். மே முதல் செப்டம்பர் வரை, சில ஆண்டுகளில் அக்டோபர் தொடக்கம் வரைகூட, தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். வேகம் பெரும்பாலும் 18 முதல் 25 நாட் (knot; ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.). டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்கிலிருந்து வாடை. அது கொஞ்சம் மெதுவாக, 15 முதல் 20 நாட். ஏப்ரலையும் நவம்பரையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஜூலையில் இலங்கையில் மழையாயிற்றே என்று பயந்து நல்ல பருவத்தையே தவறவிடுபவர்களும் உண்டு. தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி, மலைநாட்டுப் பக்கம்தான் கொட்டும். கற்பிட்டி உலர்வலயத்தில் இருக்கிறது. அந்தப் பருவத்தின் காற்று இங்கே வரும், மழை வெகு குறைவு. இந்த ஊர் நனைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறு வேறு. கற்பிட்டி என்றதும் டால்பின் படங்கள்தான் கண்ணில் படும். பிள்ளைகளிடம் டால்பின் காட்டுகிறேன் என்று சொல்லி ஜூலையில் கூட்டிப் போனால் ஏமாற்றம்தான். டால்பின் பார்க்கப் படகு போவது சுமார் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, கடல் அடங்கியிருக்கும்போது. சோளகக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், குளிக்கவும் ஆகாது. மதியத்துக்கு மேல் மணல் பறந்து கணுக்காலில் சுள்ளென்று அடிக்கும். கைட் ஓட்டுகிறவருக்குச் சொர்க்கம், பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய இம்சை. வீட்டில் ஒருவர் மட்டும் ஓட்டுவதென்றால் ஜனவரி, பிப்ரவரிதான் எல்லோருக்கும் ஒத்துவரும்.

பருவத்தை முடிவு செய்துவிட்டால் கைட் அளவும் கிட்டத்தட்ட முடிவாகிவிடும். சொந்தக் கைட் வைத்திருப்பவர்கள், இருக்கிற ஒரே 12 மீட்டரை (அதாவது 12 சதுர மீட்டர் பரப்புள்ள கைட்டை) தூக்கிக்கொண்டு எல்லாப் பருவத்துக்கும் கிளம்பிவிடுகிறார்கள். காற்றின் வேகம் ஏறும்போது இழுவிசை அந்த வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 15 நாட்டிலிருந்து 20 நாட்டுக்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. இழுப்போ ஏறக்குறைய 80 சதவீதம் கூடிவிடும். 75 கிலோ எடையுள்ளவருக்குச் சோளகத்தில் 9 மீட்டர் போதும், பலமாக அடிக்கும் நாளுக்கு ஒரு 7 இருந்தால் நல்லது. 12 மீட்டருக்கு வேலை வாடைக் காலத்தில்தான்.

புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் நாட்களைக் குறைத்துப் போட்டுவிடுகிறார்கள். பலருக்கு 9 முதல் 12 மணி நேரப் பயிற்சி தேவைப்படும். அதற்குப் பிறகும் பலகையில் எழுந்து கொஞ்ச தூரம் போவதுதான் கைவரும். கிளம்பிய இடத்துக்கே காற்றை எதிர்த்துத் திரும்பிவர இன்னும் பழக வேண்டும். மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் காற்று ஏமாற்றினால் பாதிப் பாடத்தோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். ஒரு வாரமாவது வையுங்கள். கைட் பயிற்சிப் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் கட்டணம் கடைசி. பயிற்சியாளரிடம் ஐ.கே.ஓ. (சர்வதேச கைட்போர்டிங் அமைப்பு) சான்றிதழ் இருக்கிறதா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள், மீட்புப் படகு தயாராக நிற்கிறதா, இதையெல்லாம் முதலில் கேளுங்கள். கற்பது மட்டும்தான் நோக்கம் என்றால் கடல் தாண்டவும் வேண்டாம். ராமேஸ்வரத்திலும் பயிற்சி தருகிறார்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. காற்று எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்காமல் இறங்குவது. கண்டக்குழிப் பக்கம் இருக்கும் களப்பில் சோளகம் கடலிலிருந்து மணல்திட்டைத் தாண்டி வருகிறது. அதனால் அலை இல்லாத தட்டையான தண்ணீர். கைட் விழுந்து அடித்துப் போனாலும் எதிர்க்கரையில் ஒதுங்கலாம், புதியவர்களுக்கு அதுதான் பெரிய தைரியம். ஆனால் மேற்கைப் பார்த்த வெளிக்கடற்கரையில் வாடைக் காலத்தில் இறங்கினால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கைட் விழுந்தால் உங்களை ஆழ்கடலுக்குத்தான் தள்ளும். ஆறு மாதம் முன்பு இதே கரையில் ஓட்டினேனே என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. படகு துணை இல்லாமல், கரையை விட்டுத் தள்ளும் காற்றில் எவ்வளவு தேர்ந்தவரும் இறங்கக்கூடாது.

பாதுகாப்பு விடுவிப்பானைச் சோதிக்காமல் இறங்குவதும் இதே வகைதான். கைட்டைப் பிடித்து ஓட்டும் தண்டான பாரில் நெஞ்சுக்கு நேரே இருக்கும் அந்தச் சிவப்புப் பிடியை முன்னால் தள்ளினால் கைட் இழுப்பை இழந்துவிட வேண்டும். கற்பிட்டி மணல் பொடியாக இருப்பதால் அதன் உள்ளே புகுந்து இறுகிக்கொள்ளும், மேலே உப்பும் படியும். தினமும் இறங்கும் முன் தரையில் வைத்தே ஒருமுறை தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் பிசிறினாலும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள். வாடகைக்கு எடுத்த பார் என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஒவ்வொரு நிறுவனத்தின் பிடியும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும்.

ஜூலை, ஆகஸ்டில் களப்பு நிரம்பி வழியும். வலக்கை முன்னால் இருக்க ஓட்டி வருபவருக்குத்தான் முதல் வழி. மற்றவர் ஒதுங்க வேண்டும். ஒருவரையொருவர் கடக்கும்போது காற்று வரும் பக்கம் இருப்பவர் கைட்டை உயர்த்துவார், மற்றவர் தாழ்த்துவார். இந்த இரண்டும் மனதில் பதியாமல் கூட்டத்துக்குள் போகாதீர்கள். அதேபோல, மீன்வாடிகளுக்கும் (மீனவர்களின் கரையோரக் குடில்கள்) வலை காயும் இடங்களுக்கும் பக்கத்தில் கைட் விரிக்கக்கூடாது. இறுகிய கைட் கயிறு வலையையும் அறுக்கும், ஆளையும் அறுக்கும். கடற்கரை அவர்களுடைய வேலையிடம், நாம் விருந்தாளிகள். நீச்சல் உடையோடு கடைத்தெருவுக்குப் போவதும் வேண்டாம். பள்ளிவாசலும் தேவாலயமும் சூழ்ந்த ஊர் அது.

பயண ஏற்பாட்டில் இரண்டு விஷயம் விட்டுப்போகும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சிலாபம், பாலாவி வழியாகப் போக மூன்று நான்கு மணி நேரம் ஆகும். கைட் பையைக் கூரையில் கட்டக்கூடிய வண்டியாகச் சொல்லி வையுங்கள். ஆகஸ்டில் பக்கத்தில் இருக்கும் தலவில தேவாலயத்தின் புனித அன்னம்மாள் திருவிழா வரும். அந்த நாட்களில் சாலையும் அறைகளும் நெரிசலாக இருக்கும். அப்புறம் இன்சூரன்ஸ். பல பயண பாலிசிகள் சாகச விளையாட்டுக் காயங்களை ஏற்பதில்லை. பெரிய காயம் என்றால் கற்பிட்டியிலிருந்து புத்தளமோ சிலாபமோ கொழும்போ போக வேண்டியிருக்கும். கைட் சர்ஃபிங் என்ற பெயரே பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.